புது விண்டோஸ் வந்தபின் மவுஸும் டச்பேடும் அடம்பிடித்தால்

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்களையும் விண்டோஸ் 11-க்கு மாற்ற வேண்டிய கட்டாயம் பலருக்கு வந்தது. மாற்றம் முடிந்து புதுத் திரை வருகிறது. டச்பேடில் விரலை வைத்தால் அம்பு அசையவில்லை. அல்லது அம்பு அசைகிறது, இரண்டு விரலால் இழுத்தால் பக்கம் நகரவில்லை. அல்லது எல்லாம் நகர்கிறது, ஆனால் வேகமும் திசையும் கைக்குப் பழகியபடி இல்லை. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். மூன்றுக்கும் ஒரே மருந்து தேடுவதால்தான் நேரமும் பணமும் வீணாகின்றன.

மேம்படுத்தல் டச்பேடை உடைக்காது. நேற்று மாலை வரை ஒழுங்காக இருந்த பாகம், மென்பொருள் மாறிய இரவிலேயே பழுதாவது தற்செயலாக நடந்தால்தான் உண்டு. ஆனாலும் பழுதுபார்க்கும் கடைகளில் “டச்பேட் போயிடுச்சு, மாத்தணும்” என்ற வார்த்தை சீக்கிரமே வந்துவிடுகிறது. அந்த வார்த்தைக்குப் பணம் கொடுக்கும் முன், கோளாறு பொருளில் இருக்கிறதா, அதை இயக்கும் டிரைவரில் இருக்கிறதா, வெறும் செட்டிங்ஸில் இருக்கிறதா என்று நீங்களே பிரித்துப் பார்த்துவிடலாம். ஸ்குரூ டிரைவர் தேவையில்லை. ஒயர் உள்ள ஒரு சாதாரண யு.எஸ்.பி. மவுஸை மட்டும் கடன் வாங்கியாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மேம்படுத்திய நாளிலிருந்து 10 நாள் வரைதான் பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வழி திறந்திருக்கும். அந்த வழியை எப்போது எடுப்பது என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதுவரை “டிஸ்க் கிளீனப்” ஓட்டி இடம் மிச்சப்படுத்த வேண்டாம். பழைய விண்டோஸின் கோப்புகள் அதில் அழிந்துபோகலாம்.

அம்பு இல்லாமலே வேலை செய்வது

மவுஸ் நின்றுபோனதும் பலர் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிடுகிறார்கள். மேம்படுத்தலின் மிச்ச வேலைகள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி அணைப்பது புதுச் சிக்கலைக் கொண்டுவரும். கீபோர்டு ஒன்றே போதும்.

விண்டோஸ் விசையைத் தட்டி, தேடவேண்டியதன் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, என்டர் அழுத்துங்கள். “டச்பேட் செட்டிங்ஸ்” என்று அடித்தால் அந்தப் பக்கமே திறக்கும். திறந்த பக்கத்தில் டேப் விசை ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகும். ஷிப்டும் டேப்பும் சேர்ந்தால் பின்னால் வரும். அம்புக்குறி விசைகள் பட்டியலுக்குள் மேலும் கீழும் நகர்த்தும். ஸ்பேஸ் பார் சுவிட்சைப் போடும், அணைக்கும். வலது கிளிக் வேண்டிய இடத்தில் ஷிப்டும் எஃப்10-ம். சன்னலை மூட ஆல்ட்டும் எஃப்4-ம். இவ்வளவு தெரிந்தால் இந்த அத்தியாயத்தில் வரும் ஏறக்குறைய எல்லா வேலையையும் மவுஸ் இல்லாமலே செய்யலாம்.

கீபோர்டின் வலப்பக்கம் தனியாக எண் விசைகள் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம் லாக் மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். “மவுஸ் கீஸ்” போடட்டுமா என்று விண்டோஸ் கேட்கும், ஒப்புக்கொள்ளுங்கள். அதன்பின் எண் விசைகள் அம்பை நகர்த்தும். 4 இடம், 6 வலம், 8 மேல், 2 கீழ். 5 அழுத்தினால் கிளிக். கூட்டல் குறி இரட்டை கிளிக். கழித்தல் குறியை அழுத்திவிட்டு 5 தட்டினால் வலது கிளிக். மெதுவாகத்தான் நகரும். ஆனால் டேப் விசைக்கு எட்டாத பழைய மென்பொருள்களில் இதுதான் கைகொடுக்கும்.

கோளாறு விண்டோஸுக்கு உள்ளேயா, வெளியேயா

இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பத்து நிமிட வேலை, கடையில் ஏமாறாமல் காப்பாற்றும் வேலை.

லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வரும் முன்பே பயாஸ் திரைக்குள் போங்கள். டெல், ஏசர், ஆசுஸ் மாடல்களில் பெரும்பாலும் எஃப்2 விசை. எச்.பி.யில் எஃப்10. லெனோவாவின் திங்க்பேடில் எஃப்1. இன்றைய பயாஸ் திரைகள் பலவற்றில் மவுஸ் அம்பு உண்டு. அங்கே டச்பேடால் அம்பு நகர்ந்தால், பாகமும் உள்ளே போகும் ரிப்பன் கேபிளும் நலம் என்று பொருள். கோளாறு விண்டோஸில்தான். பயாஸில் அம்பே கிடையாது என்றால், உபுண்டு போன்ற ஒரு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். அதில் டச்பேட் வேலை செய்தால் தீர்ப்பு அதேதான். லினக்ஸிலும் வேலை செய்யவில்லை என்பதை மட்டும் வைத்து பாகம் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த மாடலுக்கு ஏற்ற டிரைவர் லினக்ஸில் இல்லாமலும் இருக்கலாம்.

பயாஸுக்குள் எதையாவது மாற்றப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கும். பயாஸில் கை வைத்ததும் அடுத்த முறை “ரெகவரி கீ” கேட்டு நின்றுவிடலாம். அந்த 48 இலக்க எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பிறகு உள்ளே போங்கள்.

இந்தச் சோதனை எவ்வளவு அவசியம் என்பதற்கு 2025 அக்டோபரில் நடந்ததே சாட்சி. அந்த மாதம் 14-ஆம் தேதி வந்த கே.பி.5066835 என்ற விண்டோஸ் 11 அப்டேட்டைப் போட்டவர்களுக்கு, விண்டோஸுக்குள் மவுஸும் கீபோர்டும் சரியாகவே இருந்தன. ஆனால் கணினியைச் சரிசெய்வதற்கென்றே இருக்கும் “ரெகவரி” திரைக்குள் போனால் யு.எஸ்.பி. மவுஸும் கீபோர்டும் அசையவில்லை. எந்தப் பட்டனையும் தேர்ந்தெடுக்க முடியாத நிலை. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு, அக்டோபர் 20-ஆம் தேதி கே.பி.5070773 என்ற அவசர அப்டேட்டை வெளியிட்டது. ஒரே மவுஸ், ஒரே போர்ட், ஒரு திரையில் உயிரோடு, இன்னொரு திரையில் அசைவில்லாமல். அந்த நேரத்தில் மவுஸைக் குறைசொல்லிப் புதிது வாங்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

டிரைவரைத் தொடுமுன்

ஃபங்ஷன் விசை வரிசையைப் பாருங்கள். டச்பேட் படமோ அதன்மேல் ஒரு கோடோ போட்ட விசை ஒன்று பல மாடல்களில் இருக்கும். எஃப்.என். விசையோடு அதை அழுத்தினால் டச்பேட் அணையும், மறுபடி அழுத்தினால் வரும். சில எச்.பி. மாடல்களில் டச்பேடின் இடது மேல் மூலையை இருமுறை தட்டினால் அணையும். அங்கே சிறு விளக்கு எரிவதே அதற்கு அடையாளம். பிறகு செட்டிங்ஸில் “புளூடூத் அண்ட் டிவைசஸ்” பகுதியின் கீழ் “டச்பேட்” பக்கத்தில் முதல் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளி மவுஸ் செருகியிருக்கும்போது டச்பேடை விட்டுவைக்கவும் என்ற தேர்வும் அங்கேயே இருக்கிறது. மேம்படுத்தலுக்குப் பிறகு அதன் டிக் போயிருந்தால், மவுஸின் சிறு டாங்கிள் செருகியிருக்கும் வரை டச்பேட் அசையாது. டாங்கிள் செருகியிருப்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும்.

அடுத்து ரீஸ்டார்ட். “ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தானே தம்பி படுத்தேன், காலையிலயும் அப்படியேதான் இருக்கு” என்று பெரியவர்கள் சொல்வார்கள். “ஆஃப் பண்றது வேற, ரீஸ்டார்ட் வேற சார்” என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து “ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்” என்றொரு ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதி முழுதாக அணைவதில்லை. அன்றைய நிலையை, டிரைவர்கள் உட்பட, டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழுகிறது. குழம்பிப்போன டிரைவர் குழப்பத்தோடே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். அதனால் மேம்படுத்தல் முடிந்தபின் ஷட் டவுனை நம்பாமல், ரீஸ்டார்ட்டை இருமுறை கொடுங்கள். தினமும் காலையில் மட்டும் டச்பேட் தகராறு செய்து, ரீஸ்டார்ட் கொடுத்ததும் சரியாகிவிடுகிறது என்றால் காரணம் இதுதான் என்று ஏறக்குறைய உறுதி. கன்ட்ரோல் பேனலில் “பவர் ஆப்ஷன்ஸ்” உள்ளே, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் டிக்கை எடுத்துவிடுங்கள். கணினி எழுவதற்குச் சில நொடி கூடுதலாகலாம். அது பெரிய இழப்பில்லை.

டிரைவர்: சிக்கலின் மையம்

டச்பேட் தானாக எதையும் புரிந்துகொள்வதில்லை. விரல் எங்கே பட்டது, எத்தனை விரல் என்ற தகவலை அனுப்புகிறது, அவ்வளவுதான். அதை அம்பின் நகர்வாக, பக்கத்தின் ஓட்டமாக மாற்றித் தருவது டிரைவர். சினாப்டிக்ஸ், எலான், ஆல்ப்ஸ் என்று பாகம் செய்யும் நிறுவனங்கள் சில. அவை தரும் டிரைவரைத் தன் மாடலுக்கேற்பத் திருத்தி வெளியிடுவது லேப்டாப் நிறுவனம். மேம்படுத்தும்போது விண்டோஸ் இந்தப் பழைய டிரைவரைத் தனக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவிட்டு, தன் கைவசம் உள்ள பொதுவான டிரைவரை வைத்துவிடும். பொது டிரைவருக்கு டச்பேட் ஒரு சாதாரண மவுஸாகத்தான் தெரியும். அம்பு நகரும், கிளிக் விழும். இரண்டு விரல் ஓட்டமும் மூன்று விரல் சைகையும் காணாமல் போகும். செட்டிங்ஸில் “டச்பேட்” பக்கத்தில் எதையும் மாற்ற வழியில்லாமல் போவதும் இதன் அடையாளமே.

விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்திவிட்டு எம் விசையைத் தட்டினால் “டிவைஸ் மேனேஜர்” திறக்கும். இரண்டு தலைப்புகளை விரித்துப் பாருங்கள். ஒன்று “மைஸ் அண்ட் அதர் பாயின்டிங் டிவைசஸ்”, மற்றது “ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்”. மஞ்சள் முக்கோணம் போட்ட பெயர் ஏதாவது இருந்தால் அதன்மேல் என்டர் தட்டுங்கள். வரும் பெட்டியில் ஒரு கோட் எண் இருக்கும். 10 என்றால் கருவியைத் தொடங்க முடியவில்லை. 22 என்றால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள், “எனேபிள்” கொடுத்தால் முடிந்தது. 28 என்றால் டிரைவரே இல்லை. கடைக்காரரிடம் பேசும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சுமார் பத்தாண்டுகளாக வரும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றின் டச்பேட் ஐ2சி என்ற இணைப்பில் இருக்கிறது. அந்த இணைப்பையே இயக்குவதற்குத் தனியாக ஒரு டிரைவர் வேண்டும். இன்டெல் சிப் உள்ள லேப்டாப்களில் அதன் பெயர் “சீரியல் ஐ.ஓ.”. மேம்படுத்தலில் இது பின்தங்கிப் போனால், டச்பேட் டிரைவரை எத்தனை முறை போட்டாலும் வேலைக்கு ஆகாது. சாலை போடாமல் பஸ் விடுவது போலத்தான். டிவைஸ் மேனேஜரில் “சிஸ்டம் டிவைசஸ்” தலைப்பின் கீழ் சீரியல் ஐ.ஓ. ஐ2சி ஹோஸ்ட் கன்ட்ரோலர் என்ற பெயரைத் தேடுங்கள். அங்கே மஞ்சள் முக்கோணம் இருந்தாலோ, அந்தப் பெயரே இல்லாமல் “அதர் டிவைசஸ்” கீழ் பெயர் தெரியாத கருவிகள் கிடந்தாலோ, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சரிசெய்யும் வரிசை இது. லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணையோ சர்வீஸ் டேகையோ பார்த்து, அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், விண்டோஸ் 11 என்று தேர்ந்தெடுத்து டிரைவர்களை இறக்குங்கள். சிப்செட் டிரைவரை முதலில் போடுங்கள், அடுத்து சீரியல் ஐ.ஓ., கடைசியாக டச்பேட். ஒவ்வொன்றுக்கும் இடையில் ரீஸ்டார்ட். அவசரத்தில் மூன்றையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் நிற்க வேண்டாம். உங்கள் மாடலுக்கு விண்டோஸ் 11 டிரைவர் வெளியாகவில்லை என்றால் விண்டோஸ் 10-க்கானதைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓடும்.

விண்டோஸ் அப்டேட்டிலும் ஒரு மூலை இருக்கிறது. “அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்” உள்ளே “ஆப்ஷனல் அப்டேட்ஸ்”, அதற்குள் “டிரைவர் அப்டேட்ஸ்”. தானாகப் போடாமல் விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கும் டிரைவர்கள் அங்கே இருக்கும். டச்பேட் நிறுவனத்தின் பெயரிலோ லேப்டாப் நிறுவனத்தின் பெயரிலோ எதாவது காத்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் முக்கோணம் எதுவும் இல்லாமல் நடத்தை மட்டும் கோணலாக இருந்தால், டிவைஸ் மேனேஜரில் டச்பேடை “அன்இன்ஸ்டால் டிவைஸ்” கொடுத்து, டிரைவரையும் அழிக்கட்டுமா என்ற கட்டத்தில் டிக் வைக்காமல், ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதை மறுபடி கண்டுபிடித்து ஆரம்பத்திலிருந்து அமைக்கும். “ரோல் பேக் டிரைவர்” பட்டனும் உண்டு. ஆனால் பெரிய மேம்படுத்தலுக்குப் பிறகு அது பெரும்பாலும் மங்கித்தான் கிடக்கும், பழைய டிரைவரின் பிரதி இருந்தால்தான் அது உயிர்பெறும்.

ஏசர் லேப்டாப் வைத்திருப்பவர்கள் பயாஸின் “மெயின்” பக்கத்தையும் பாருங்கள். பல மாடல்களில் டச்பேடுக்கு “பேசிக்”, “அட்வான்ஸ்டு” என்று இரண்டு நிலைகள் உண்டு. அட்வான்ஸ்டு என்பது ஐ2சி வழி. பேசிக் என்பது பழைய பி.எஸ்/2 மவுஸ் போல இயங்கும் வழி. எந்த டிரைவரும் ஒத்துவராதபோது பேசிக்குக்கு மாற்றினால் அம்பாவது உடனே நகர ஆரம்பிக்கும். சைகைகள் போய்விடும். ஆனாலும் சரியான டிரைவர் கிடைக்கும் வரை வேலை நிற்காது.

“உங்கள் கணினியில் 37 பழைய டிரைவர்கள்” என்று மிரட்டி ஸ்கேன் செய்யக் கூப்பிடும் டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்களை இறக்காதீர்கள். பாகத்தின் பெயரை உத்தேசமாகப் பொருத்தி வேறு மாடலின் டிரைவரைப் போட்டுவிடும் ஆபத்து அவற்றில் உண்டு, கூடவே விளம்பர மென்பொருளும் நுழையும். டச்பேட் கோளாறாக ஆரம்பித்தது ஒலி, வைஃபை கோளாறாக வளர்வது இப்படித்தான்.

வெளியில் செருகும் மவுஸ்

ஒயர் மவுஸ் சில நிமிடம் சும்மா இருந்தபின் உறங்கிப்போய், எழுப்ப எழுப்ப வராமல் இருந்தால் மின்சிக்கனம்தான் காரணமாக இருக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் “யு.எஸ்.பி. ரூட் ஹப்” ஒவ்வொன்றையும் திறந்து, “பவர் மேனேஜ்மென்ட்” பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். மேம்படுத்தல் இந்த டிக்குகளைத் திரும்ப வைத்துவிடுவது உண்டு.

டாங்கிள் வைத்த ஒயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு நகர்ந்தால், டாங்கிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள். யு.எஸ்.பி. 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்கும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகின்றன. இந்த மவுஸ்கள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. மேம்படுத்தும் முன் பேக்கப் எடுக்கச் செருகிய ஹார்ட் டிஸ்க் டாங்கிளுக்குப் பக்கத்திலேயே இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதைக் கழற்றிப் பாருங்கள். டாங்கிளை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது சிறு நீட்டிப்பு ஒயரில் செருகி ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

புளூடூத் மவுஸுக்கு ஒரே வழி. செட்டிங்ஸில் அதன் பெயரை நீக்கிவிட்டு, புதிதாக ஜோடி சேருங்கள். இரண்டு தரப்பும் பழைய சாவியை வைத்துக்கொண்டு “இணைந்திருக்கிறது” என்று காட்டியபடியே அசையாமல் நிற்கும் நிலை அதில்தான் தீரும்.

வேலை செய்கிறது, ஆனால் பழைய மாதிரி இல்லை

இதைப் பலர் சகித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. நாள் முழுவதும் தட்டச்சு செய்பவருக்கும் படம் வரைபவருக்கும் அம்பின் வேகம் மாறினால் மணிக்கட்டு வலிக்கும், வேலையின் அளவும் குறையும்.

செட்டிங்ஸில் மவுஸ் பக்கத்தில் அம்பின் வேகம் 1 முதல் 20 வரை மாறும். அதன் கீழே “என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்” என்று ஒரு சுவிட்ச். பெயர் துல்லியம் என்று சொன்னாலும், அது செய்வது முடுக்கம். கையை வேகமாக இழுத்தால் அம்பு கூடுதல் தூரம் ஓடும், மெதுவாக இழுத்தால் குறைவாக ஓடும். டிசைன் வேலை செய்பவர்களும் விளையாடுபவர்களும் இதை அணைத்து வைத்திருப்பார்கள். மேம்படுத்தலுக்குப் பின் அது திரும்பப் போட்டிருந்தால், கை கணித்த இடத்தில் அம்பு நிற்காது. மவுஸ் பழுதானதாகவே தோன்றும்.

டச்பேடில் பக்கம் ஓடும் திசை, தட்டினால் கிளிக் ஆகுமா, வலது மூலையை அழுத்தினால் வலது கிளிக் ஆகுமா என்பவை தனித்தனித் தேர்வுகள். உணர்திறனுக்கு நான்கு நிலைகள் இருக்கின்றன. தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டு அம்பு தாவுகிறது, எழுத்து வேறு வரியில் போய் விழுகிறது என்றால் உணர்திறனை ஒரு படி குறையுங்கள். விரல் பட்டும் எழவில்லை என்றால் கூட்டுங்கள். வெயில் காலத்தில் வியர்த்த விரலோடு வேலை செய்யும்போது நடுநிலைதான் ஒத்துவரும் என்பது என் கருத்து.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

மேக்கில் டிரைவர் தலைவலி குறைவு. பாகமும் மென்பொருளும் ஒரே நிறுவனத்தினுடையவை. வேறு நிறுவன மவுஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் வருத்தம். அந்த மவுஸின் கூடுதல் பட்டன்களை இயக்கும் மென்பொருளுக்கு “பிரைவசி அண்ட் செக்யூரிட்டி” பகுதியில் “ஆக்சசிபிலிட்டி”, “இன்புட் மானிட்டரிங்” என்ற இரண்டு அனுமதிகள் தேவைப்படலாம். மேகோஸ் மேம்படுத்தலுக்குப் பின் அனுமதி இருப்பதாகக் காட்டியும் பட்டன்கள் வேலை செய்யாத நிலை வரும். அந்தச் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்.

மவுஸ் இணைத்ததும் டிராக்பேட் செத்துப்போனால் “ஆக்சசிபிலிட்டி” பகுதியில் “பாயின்டர் கன்ட்ரோல்” பாருங்கள். மவுஸ் இருக்கும்போது சொந்த டிராக்பேடைப் புறக்கணிக்கும் சுவிட்ச் அங்கே இருக்கிறது. மூன்று விரலால் இழுக்கும் வசதியும் டிராக்பேட் பக்கத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. 2015-க்குப் பிறகு வந்த மேக்புக்குகளில் பெரும்பாலானவற்றின் டிராக்பேட் உண்மையில் கீழே அமுங்குவதில்லை. உள்ளிருக்கும் மின்காந்த அதிர்வுதான் கிளிக் உணர்வைத் தருகிறது. அணைத்த நிலையில் அழுத்திப் பார்த்துவிட்டு “உள்ளே ஒடிஞ்சிருச்சு” என்று பயப்பட வேண்டாம்.

உபுண்டுவில்

லினக்ஸில் மேம்படுத்தல் என்பது கர்னல் மாற்றமும்கூட. உபுண்டு முந்தைய கர்னலை அழிக்காமல் வைத்திருக்கும் என்பது பெரிய அனுகூலம். கணினி எழும்போது எஸ்கேப் விசையையோ, பழைய பயாஸ் என்றால் ஷிப்டையோ அழுத்தி க்ரப் பட்டியலை வரவழைத்து, “அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்” உள்ளே முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் டச்பேட் வேலை செய்தால் குற்றவாளி புதுக் கர்னல். அடுத்த கர்னல் அப்டேட் வரும் வரை பழையதிலேயே ஓட்டலாம்.

பழைய கர்னலிலும் சரியாகவில்லை என்றால் டிரைவர் தொகுப்பைப் பாருங்கள். உபுண்டு இப்போது டச்பேடுக்கு லிப்இன்புட் என்பதைப் பயன்படுத்துகிறது. வருடக்கணக்காக மேம்படுத்தி மேம்படுத்தி வந்த கணினிகளில் அதற்கு முந்தைய சினாப்டிக்ஸ் தொகுப்பு நீங்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும். எக்ஸ்.ஆர்க் முறையில் நுழையும்போது அது முந்திக்கொள்வதால், செட்டிங்ஸில் டச்பேட் தேர்வுகளே மறைந்துபோகும். அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய டிரைவரில் விரலை எடுத்த பிறகும் பக்கம் சற்றுத் தூரம் ஓடிக்கொண்டிருந்ததே என்று சிலர் தேடுவார்கள். லிப்இன்புட் அந்தப் பொறுப்பை ஒவ்வொரு மென்பொருளிடமே விட்டுவிட்டது. ஃபயர்பாக்ஸில் ஓடும், வேறொன்றில் நின்றுவிடும். அது கோளாறு இல்லை.

பழி மேம்படுத்தல்மேல், காரணம் வேறு

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் அம்பு நடுங்கித் தாவுகிறதா? சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உடனே அடங்கினால் கோளாறு சுவரில் இருக்கிறது. டச்பேட் விரலின் நுண்ணிய மின்னூட்டத்தைக் கணித்து வேலை செய்வது. எர்த் இல்லாத இணைப்பில் சார்ஜரின் மின் இரைச்சல் லேப்டாப் உடலுக்கு வந்து அந்தக் கணிப்பைக் குலைக்கும். மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருந்தால் அதைக் கழற்றுங்கள். மூன்று பின் பிளக்கிலும் நடுங்கினால், எர்த் ஒயர் உண்மையில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

டச்பேட் அழுந்த மறுக்கிறது, ஒரு பக்கம் மேலே தூக்கியிருக்கிறது, மூடி சரியாகச் சேரவில்லை என்றால் நிலைமை தீவிரம். கீழே இருக்கும் பேட்டரி உப்பியிருக்கலாம். மேம்படுத்தல் பல மணி நேரம் சார்ஜரோடு, சூடாக ஓடும் வேலை என்பதால் அன்றுதான் பலரும் இதைக் கவனிப்பார்கள். உடனே அணையுங்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள், கையால் அமுக்கிச் சமப்படுத்த முயலாதீர்கள். லித்தியம் பேட்டரி துளைபட்டால் தீப்பிடிக்கும். பேட்டரியை மாற்றினாலே டச்பேட் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மவுஸில் ஒரு கிளிக் இரண்டாக விழுவதும், இழுத்துக்கொண்டிருக்கும்போது கோப்பு நடுவழியில் விழுவதும் பட்டனுக்குக் கீழிருக்கும் சிறு சுவிட்ச் தேய்ந்ததன் அடையாளம். வேறு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் மவுஸை மாற்ற வேண்டியதுதான்.

திரும்பிப் போவது

பயாஸில் டச்பேட் வேலை செய்கிறது, விண்டோஸ் 11-இல் எந்த டிரைவருக்கும் மசியவில்லை, வெளி மவுஸ் வைத்துக்கொண்டு காலம் தள்ளும் வேலையும் உங்களுடையது அல்ல என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். செட்டிங்ஸில் “சிஸ்டம்”, அதற்குள் “ரெகவரி”, அங்கே “கோ பேக்”. 10 நாள் தாண்டிவிட்டால் அது வேலை செய்யாது. உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்கும். மேம்படுத்திய பின் நிறுவிய மென்பொருள்களும் மாற்றிய செட்டிங்ஸும் போய்விடும். ஆனாலும் முக்கியமானவற்றை ஒரு வெளி டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டே பட்டனைத் தொடுங்கள். பழைய விண்டோஸின் பாஸ்வேர்டு நினைவிருக்க வேண்டும். சார்ஜர் செருகியிருக்க வேண்டும்.

திரும்பியபின் அந்த விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் நிற்கும். வீட்டுக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட்கள் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு தெரியும். சேர்ந்துகொண்டு, லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புதிய பயாஸோ டச்பேட் டிரைவரோ வந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வந்திருந்தால் அதைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி மேம்படுத்துங்கள்.